மினிம் கதையை வாசிக்கும் முறை: தல்மூதில் வரும் புறத்தாரும் ‘வேறொருவனும்’

யூதர்களின் சட்டமும் விவாதமும் கதையும் சேர்ந்த பெருந்தொகுப்பான தல்மூதைப் படித்துக்கொண்டே போகும்போது திடீரென்று ஒருவன் வந்து நிற்பான். பெரும்பாலும் அவனுக்குப் பெயரும் இருக்காது, ஊரும் இருக்காது. “ஒரு மின் ரபியிடம் சொன்னான்” என்று மட்டும் இருக்கும். ரபி என்றால் யூத வேத ஆசிரியர்; மின் என்றால் அவர் பார்வையில் வழிதவறியவன். கையோடு ஒரு வேதவசனம் கொண்டுவருவான். அதில் ஒரு முடிச்சைக் காட்டுவான். ரபி ஒரு வரியில் பதில் சொல்வார், கதை முடிந்துவிடும். சில கதைகள் மொத்தமே ஐந்தாறு வரிதான். அவசரமாகப் படித்தால் நம்மவர் வென்றார், வந்தவன் தோற்றான் என்பதற்கு மேல் எதுவும் தேறாது. நிதானமாகப் படித்தால், கதையைச் சொன்னவர்கள் எதைக் கண்டு பயந்தார்கள், எந்தக் கேள்விக்குத் தங்களுக்குள்ளேயே பதில் தேடிக்கொண்டிருந்தார்கள் என்று தெரியவரும். அப்படிப் படிப்பதற்கான வழி இது.

முதலில் கைக்கு வேண்டியவை. ஒரு தமிழ் பைபிள். பழைய மொழிபெயர்ப்பே போதும். செஃபாரியா என்ற இணையதளம்: மிஷ்னா (வாய்மொழிச் சட்டத் தொகுப்பு), தோசெஃப்தா, இரண்டு தல்மூதுகள், மித்ராஷ் (வேத விளக்க நூல்கள்) எல்லாம் எபிரேய, அராமிய மூலத்தோடு அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன; பெரும்பாலானவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. கதைக்கு ஒரு முழுத்தாள். ஒரு கதைக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஒரே மாலையில் பத்துக் கதை படித்தால் பத்தும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

நூல்களின் காலவரிசையைத் தாளின் தலைப்பில் எழுதிக்கொள்ளுங்கள். மிஷ்னா கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்டது. தோசெஃப்தா அதற்குத் துணைநூல், கொஞ்சம் பிந்தியது. எருசலேம் தல்மூத் 400 வாக்கில் கலிலேயாவில் உருவானது, பெயரில்தான் எருசலேம். பாபிலோன் தல்மூத் 6ஆம் நூற்றாண்டு வாக்கில் ஏறக்குறைய இன்றைய வடிவத்தை எட்டியது. ஒரே கதை இவை நான்கிலும் வரலாம், நான்கிலும் வேறுவேறாக வரலாம்.

பாபிலோன் தல்மூதின் எண்முறை ஓலைச்சுவடி பார்த்தவர்களுக்கு எளிது. எண் பக்கத்துக்கு அல்ல, ஏட்டுக்கு. ஏட்டின் முன்பக்கம் ‘அ’, பின்பக்கம் ‘ஆ’ என்று இங்கே குறிக்கிறோம். ஹகிகா 15அ என்றால் ஹகிகா என்ற பகுதியின் 15ஆம் ஏட்டு முன்பக்கம். ஏறக்குறைய ஒவ்வொரு பகுதியும் 2ஆம் ஏட்டில்தான் தொடங்கும். முதல் ஏடு கிழிந்துவிட்டதோ என்று தேட வேண்டாம்.

எண்ணில் இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ் பைபிளின் வசன எண் சில இடங்களில் எபிரேய மூலத்திலிருந்து ஒன்று தள்ளியிருக்கும். தமிழில் உபாகமம் 23:18 என்பது எபிரேயத்தில் 23:19. பிரசங்கி 5:6 அங்கே 5:5. சங்கீதம் 69:21 அங்கே 69:22. வசனம் பொருந்தவில்லை என்று தோன்றினால் முன்னும் பின்னும் ஒரு வசனம் பார்த்துவிட்டுப் பிறகு குழம்புங்கள்.

சொல்லைப் பிடிப்பது

‘மின்’ என்ற எபிரேயச் சொல்லுக்கு இனம், வகை என்று பொருள். பன்மை ‘மினிம்’. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் மரமும் மிருகமும் ‘தன்தன் ஜாதியின்படி’ உண்டானதாக வருகிறதே, அங்கே உள்ள சொல் இதுதான். ரபிகளின் வாயில் அது வழிதவறிய யூதனைக் குறிக்கும் சொல்லாயிற்று. உச்சரிப்பில் ‘மீன்’ என்றுதான் நீளும். தமிழில் அப்படி எழுதினால் வேறு பொருள் வந்துவிடும் என்பதால் இங்கே குறில்.

இதைப் புறச்சமயத்தான் என்று தமிழாக்கினால் பாதிக் கதை கெட்டுவிடும். சைவ சித்தாந்தத்தில் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என்று சமயங்களை நான்காகப் பிரிப்பார்கள். அந்தக் கணக்கில் மின் நிற்கும் இடம் பெரும்பாலும் அகப்புறம். அவனுக்கு வேதம் தெரியும். வசனத்தை மனப்பாடமாகச் சொல்வான். தெருவில் கண்டால் ரபியோடு நின்று பேசுவான். முற்றிலும் வெளியே நிற்கிறவன் விக்கிரகத்தை வணங்குகிற புறஜாதியான். அவனுக்கு வேறு சொற்கள் இருக்கின்றன. ‘கூத்தி’ என்பது சமாரியன். ‘அப்பிகோரோஸ்’ என்பது கிரேக்கத் தத்துவஞானி எபிகூரஸின் பெயரிலிருந்து வந்தது. பாபிலோன் தல்மூத் அதை ஞானியை அவமதிக்கிறவன் என்று விளக்குகிறது (சன்ஹெத்ரின் 99ஆ). ‘மெஷும்மாத்’ மதத்தை விட்டவன். ‘ஹிட்சோன்’ என்ற சொல்தான் நேராக வெளியாள். மிஷ்னா மெகில்லா 4:8இல் இது மின்னுக்குப் பக்கத்திலேயே வருகிறது: ஜெபப்பெட்டியை நெற்றியில் தாழ்வாகவோ உள்ளங்கையிலோ கட்டினால் அது மின்னின் வழி, அதைப் பொன்னால் மூடினாலோ சட்டைக்கையின் மேல் கட்டினாலோ அது வெளியாரின் வழி. ஒரு விரற்கடை இடம் மாறினால் ஆளே மாறிவிடுகிறான். எல்லை எவ்வளவு நெருக்கத்தில் ஓடியது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சி வேண்டாம்.

தாளின் முதல் கட்டத்தில் கதையில் எந்தச் சொல் வருகிறது என்று மூல எழுத்திலேயே எழுதுங்கள். மொழிபெயர்ப்பில் உள்ளதை எழுதாதீர்கள்.

தணிக்கையைக் கழிப்பது

மூலத்தில் உள்ள சொல்லையும் உடனே நம்பக் கூடாது. 1240இல் பாரிஸில் தல்மூதை விசாரணைக் கூண்டில் நிறுத்தினார்கள்; அந்தப் பத்தாண்டிலேயே வண்டி வண்டியாக எரித்தார்கள். 1553இல் ரோமில் மறுபடி எரிந்தது. அதற்குப் பிறகு 1578 முதல் 1581 வரை பாசெல் நகரில் அச்சான பதிப்பு கிறிஸ்தவத் தணிக்கைக்குக் கட்டுப்பட்டது. ‘மின்’ என்ற சொல் கிறிஸ்தவனைக் குறிக்கலாம் என்று சந்தேகப்பட்ட தணிக்கையாளர்கள் அதன் இடத்தில் சதுசேயன், சமாரியன், அப்பிகோரோஸ் என்று போட்டார்கள். விக்கிரக வணக்கம் பற்றிய அவோதா சாரா என்ற பகுதியையே விட்டுவிட்டார்கள். அந்த மாற்றங்களில் பல, 1880களில் வந்து இன்றுவரை நிலைத்திருக்கிற வில்னா பதிப்பு வரை தொடர்ந்தன.

கண்டுபிடிக்கும் வழி எளிது, ஆண்டைப் பாருங்கள். சதுசேயர்கள் எருசலேம் ஆலயத்தோடு ஒட்டியிருந்த கூட்டம். கி.பி. 70இல் ஆலயம் இடிந்ததோடு அவர்களும் மங்கிப்போனார்கள். 200 வாக்கில் வாழ்ந்த ரபி யூதா ஹ-நாசியோடு ஒரு சதுசேயன் வாதாடுகிறான் என்று ஹுல்லின் 87அ பல அச்சுப் பதிப்புகளில் சொன்னால், அங்கே தணிக்கையாளர் கை பட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். உறுதிப்படுத்த 1342இல் எழுதப்பட்ட மியூனிக் கையெழுத்துப்படி இருக்கிறது. பாபிலோன் தல்மூத் ஏறக்குறைய முழுதாக இருக்கும் ஒரே பழைய கையெழுத்துப்படி அது. படங்கள் இணையத்தில் பார்க்கக் கிடைக்கின்றன. செஃபாரியாவில் உள்ள ஆங்கில மொழிபெயர்ப்பு பல இடங்களில் மின் என்ற பொருளையே மீட்டுத் தருகிறது. அப்படித் தராத இடங்களில்தான் உங்கள் ஆண்டுக்கணக்கு உதவும்.

வசனத்தின் மிச்சத்தைப் படிப்பது

இந்த வேலையின் நடு எலும்பு இது. மின் ஒரு வசனத்தின் பாதியைச் சொல்வான். நீங்கள் கதையை அங்கேயே நிறுத்திவிட்டு பைபிளைத் திறந்து முழு வசனத்தையும், முன்னும் பின்னும் இரண்டு வசனங்களையும் வாசிக்க வேண்டும். ரபியின் பதிலைப் படிக்கும் முன்பே இதைச் செய்யுங்கள். முறையைச் சொன்னவர் ரபி சிம்லாய்: மினிம் எங்கெல்லாம் கை வைக்கிறார்களோ அங்கெல்லாம் பக்கத்திலேயே பதில் இருக்கிறது என்றார் (ஆதியாகமத்துக்கான மித்ராஷ் ஆகிய ஆதியாகம ரப்பா 8:9, எருசலேம் தல்மூத் பெராகோத் 9:1).

அவர் கதையையே எடுத்துக்கொள்வோம். உலகத்தைப் படைத்தது எத்தனை தெய்வங்கள் என்று மினிம் கேட்கிறார்கள். ஆதியாகமத்தின் முதல் வசனத்தில் ‘எலோஹிம்’ என்று பன்மை இருக்கிறதே என்கிறார்கள். சிம்லாய் பக்கத்துச் சொல்லைக் காட்டுகிறார்: வினை ‘பாரா’, அது ஒருமை, பலர் படைத்திருந்தால் ‘பார்ஊ’ என்று இருந்திருக்கும்.

தமிழ் வாசகர் இங்கே நின்று பார்க்க வேண்டும். தமிழ் பைபிளை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வாதத்தைப் பின்தொடரவே முடியாது. “ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்” என்பதில் ‘தேவன்’ ஒருமை, ‘சிருஷ்டித்தார்’ பலர்பால் விகுதியில் வரும் மரியாதை. எபிரேயத்தில் பெயர் பன்மை, வினை ஒருமை. நேர் தலைகீழ். மின் பிடித்த முனையும் சிம்லாய் பிடித்த முனையும் நம் மொழியில் இடம் மாறிக் கிடக்கின்றன. ஆனால் ஒருவரையே ‘வந்தார்கள்’ என்று சொல்லிப் பழகிய காதுக்கு, பன்மை வடிவம் ஒருவரையே குறிக்கலாம் என்பதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஒருமை பன்மையில் வாதம் தொங்கும் ஒவ்வொரு கதையிலும் எபிரேய வினையைத் தனியாகப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

மினிம் மறுபடி வருகிறார்கள்: “நமது சாயலாக மனுஷனை உண்டாக்குவோமாக” (1:26) என்று இருக்கிறதே? அடுத்த வசனத்தைப் படியுங்கள் என்கிறார் சிம்லாய். 1:27இல் தேவன் தம்முடைய சாயலாகப் படைத்தார் என்று ஒருமை வருகிறது. கேட்டவர்கள் போய்விடுகிறார்கள்.

பெருரியாவின் கதையும் (பெராகோத் 10அ) இதே அமைப்புதான். பிள்ளை பெறாதவளே மகிழ்ந்து பாடு என்கிறது ஏசாயா 54:1. பெறவில்லை என்பதற்காகவா பாட வேண்டும் என்கிறான் மின். மூடனே, வசனத்தின் கடைசியைப் பார் என்கிறாள் அவள். கைவிடப்பட்டவளின் பிள்ளைகளே அதிகம் என்று அங்கே இருக்கிறது. இதற்குச் சில வரி முன்னால் அதே பக்கத்தில், தன் கணவர் ரபி மெயிரைத் தொல்லைப்படுத்திய போக்கிரிகள் சாகவேண்டும் என்று அவர் ஜெபிக்க, பாவிகள் ஒழிய அல்ல, பாவங்கள் ஒழியவே சங்கீதம் 104:35 சொல்கிறது என்று அவரைத் திருத்துகிறவளும் இவள்தான். அங்கேயும் வசனத்தின் கடைசியைப் பார் என்றுதான் சொல்கிறாள். ஒரே கருவி, ஒரே வாய். ஒருமுறை இரக்கத்துக்கு, ஒருமுறை வசைக்கு. இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் மின் பகுதியை மட்டும் வெட்டியெடுப்பது பெரிய நஷ்டம்.

இரண்டாவது பதிலைத் தேடுவது

மின் போன பிறகும் கதை நீள்கிறதா என்று பாருங்கள். நீண்டால் உங்கள் நேரத்தில் பாதியை அங்கே செலவிடுங்கள். சிம்லாயின் கதையில் மினிம் வெளியேறியதும் சீடர்கள் கேட்கிறார்கள்: “இவர்களை ஒரு நாணற்குச்சியால் தள்ளிவிட்டீர்கள். எங்களுக்கு என்ன பதில் சொல்கிறீர்கள்?”

முதல் பதில் வெளியாளுக்கு, அது நாணல். எளிதில் வளையும் என்று சீடர்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இரண்டாவது பதிலில் சிம்லாய் இலக்கணத்தை விட்டுவிடுகிறார். ஆதாம் மண்ணிலிருந்து வந்தான், ஏவாள் ஆதாமிலிருந்து வந்தாள். இனி ஆண் இல்லாமல் பெண் இல்லை, பெண் இல்லாமல் ஆண் இல்லை, தெய்வப் பிரசன்னம் இல்லாமல் இருவருமே இல்லை. ‘நமது சாயல்’ என்பது அதுதான் என்கிறார். ‘நமது’ என்ற பன்மைக்கு அவர் உள்ளே கொடுக்கும் விளக்கம் இது. அதாவது மின் கேட்டது நல்ல கேள்வி என்று வீட்டுக்குள் ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது.

சீடர்கள் வாய்திறக்காத கதைகளிலும் இந்தக் கேள்வியை நீங்களே கேட்டுப் பாருங்கள். கேள்வி மின் வாயில் இருந்தாலும் அதைக் கேட்க விரும்பியவர்கள் ரபிகளின் பாடசாலைக்குள்தான் உட்கார்ந்திருந்தார்கள் என்று பல இடங்களில் புலப்படும்.

யார் முன்னால், எந்த ஊரில்

செசரியா ரோம ஆளுகையின் துறைமுக நகரம். யூதர், கிறிஸ்தவர், சமாரியர், கிரேக்கர் எல்லாரும் அங்கே கலந்து வாழ்ந்தார்கள். அந்த ஊர் ரபி அபாகு, பாபிலோனிலிருந்து வந்த ராவ் சாஃப்ராவைப் பெரிய அறிஞர் என்று மினிமிடம் புகழ்கிறார். அவர்கள் சாஃப்ராவுக்குப் 13 ஆண்டு வரி தள்ளுபடி செய்கிறார்கள். ஒருநாள் அவரை வழியில் கண்டு ஆமோஸ் 3:2ஐக் கேட்கிறார்கள்: உங்களைமாத்திரம் அறிந்தேன், ஆகையால் உங்கள் அக்கிரமங்களுக்காக உங்களைத் தண்டிப்பேன் என்கிறாரே, கோபம் வந்தால் நண்பன் மேலா காட்டுவது? சாஃப்ராவுக்கு வாய் எழவில்லை. அவர் கழுத்தில் துண்டைப் போட்டு முறுக்குகிறார்கள். அபாகு வந்து கேட்டதும், பெரியவர் என்றீர்களே, ஒரு வசனத்துக்கு அர்த்தம் தெரியவில்லையே என்கிறார்கள். அபாகு சொல்வதைத் தாளில் அப்படியே எழுதி வையுங்கள்: வாய்மொழிப் போதனையில் பெரியவர் என்றேன், வேதத்தில் என்றா சொன்னேன்? உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது என்று அவர்கள் கேட்க, உங்கள் நடுவில் வாழ்கிற நாங்கள் கருத்தாகப் படிக்கிறோம், அவர்கள் அப்படிச் செய்வதில்லை என்கிறார் (அவோதா சாரா 4அ).

வரித் தள்ளுபடி கொடுக்கும் இடத்தில் மினிம் இருக்கிறார்கள். ரபிக்கும் அவர்களுக்கும் பேச்சுவார்த்தை இருக்கிறது. அபாகுவின் வேதப் படிப்புக்கே அவர்கள்தான் காரணம் என்று அவரே சொல்கிறார். கடைசியில் அவர் வசனத்துக்கு விளக்கமும் தருகிறார்: இருவருக்குக் கடன் கொடுத்தவன் நண்பனிடம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவான், பகைவனிடம் ஒரே தவணையில் பிடுங்குவான்.

ஊரைக் கண்டுபிடிக்கச் சொற்களும் உதவும். சன்ஹெத்ரின் 38ஆவில் மின் ராவ் இதித்திடம், மோசேயை ‘என்னிடத்தில் ஏறி வா’ என்னாமல் ‘கர்த்தரிடத்தில் ஏறி வா’ என்றது ஏன் என்கிறான் (யாத்திராகமம் 24:1). அது மெட்டாட்ரோன் என்ற தூதன், அவன் பெயர் தன் எஜமானுடைய பெயரைப் போன்றது என்று பதில். அப்படியானால் அவனையே வணங்கலாமே என்று மின் மடக்க, அவனை வழிகாட்டித் தூதனாகக்கூட நாங்கள் ஏற்கவில்லை என்று முடிக்கிறார். அந்த வழிகாட்டித் தூதனுக்குக் கதை போடும் சொல் ‘பர்வன்கா’, பாரசீகம். கதை எந்த மண்ணில் இந்த வடிவம் பெற்றது என்று அந்த ஒரு சொல் காட்டிக்கொடுக்கிறது. இந்தக் கதையில் முதல் பதிலே ரபியை ஆபத்தான இடத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது என்பதையும் கவனியுங்கள். பெயரில் கடவுளை ஒத்த ஒரு தூதன்; இதற்கு அடுத்த படிதான் வானத்தில் இரண்டு அதிகாரங்கள், அதாவது ஆளும் சக்திகள் இரண்டு என்ற எண்ணம்.

வடிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது: எலிஷா பென் அபூயா

தாளைத் திருப்புங்கள். பின்பக்கத்தை மூன்றாக மடித்து மேலே தோசெஃப்தா, எருசலேம், பாபிலோன் என்று எழுதுங்கள். பெரிய அறிஞராக இருந்து வழி விலகிய எலிஷாவின் கதையில் இதைச் செய்யாமல் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. மூன்றையும் கோத்து ஒரே வாழ்க்கை வரலாறாக்குவதுதான் இங்கே எல்லாரும் செய்யும் தவறு.

தோசெஃப்தாவில் (ஹகிகா 2:3) ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். நால்வர் தோட்டத்துக்குள் போனார்கள். எலிஷா எட்டிப் பார்த்து இளங்கன்றுகளை வெட்டினான். உன் வாயை உன் உடலைப் பாவத்துக்குள்ளாக்க விடாதே என்ற பிரசங்கி வசனம் அவனுக்குச் சேர்ந்தது. என்ன தோட்டம், என்ன கன்று என்று விளக்கமில்லை. அந்தக் கட்டத்தில் காலியிடத்தைக் காலியாகவே விடுங்கள்.

எருசலேம் தல்மூத் (ஹகிகா 2:1) காரணம் தேடுகிறது, ஒன்றல்ல, பல. கெனேசரேத்துப் பள்ளத்தாக்கில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார். ஒருவன் பனையேறித் தாய்ப்பறவையோடு குஞ்சையும் எடுத்து, சுகமாக இறங்கிப் போகிறான். மறுநாள் இன்னொருவன் ஏறுகிறான், உபாகமம் 22:7 சொன்னபடி தாயை விட்டுவிட்டுக் குஞ்சை எடுக்கிறான், இறங்கியதும் பாம்பு தீண்டிச் செத்துப்போகிறான். அந்தக் கட்டளைக்கு வேதம் தரும் வாக்கு நீடித்த ஆயுள். இது ஒரு காரணம். கொல்லப்பட்ட ஞானி ஒருவரின் நாக்கு நாயின் வாயில் இருந்ததைக் கண்டார் என்பது இன்னொன்று. தாய் கர்ப்பமாக இருந்தபோது விக்கிரகக் கோயில் பக்கம் போனாள் என்பது வேறொன்று. தகப்பன் தோராவின் (வேதப் போதனையின்) மகிமைக்கு ஆசைப்பட்டு மகனை அதற்கு விட்டான், எண்ணம் தூய்மையாக இல்லை என்பது மற்றொன்று. இத்தனை காரணம் அடுக்கப்படுவதே ஒரு செய்தி. ஒன்றும் போதவில்லை.

பாபிலோனில் (ஹகிகா 14ஆ–15ஆ) அவர் வானத்துக்கு ஏறிப் போகிறார். மெட்டாட்ரோன் உட்கார்ந்து இஸ்ரவேலின் நற்செயல்களை எழுதுவதைக் காண்கிறார். மேலே உட்காருதல் கிடையாது என்றல்லவா கற்றோம், அப்படியானால் இரண்டு அதிகாரங்களோ என்று நினைக்கிறார். அந்தத் தூதனுக்கு 60 நெருப்படி விழுகிறது. திரும்பி வாருங்கள் பிள்ளைகளே, அஹேர் தவிர என்று வானத்திலிருந்து குரல் கேட்கிறது. ‘அஹேர்’ என்றால் வேறொருவன். பெயர் வந்த விதத்தை அதே பக்கம் சொல்கிறது: மறுமை போயிற்று, இம்மையையாவது அனுபவிப்போம் என்று ஒரு விலைமகளிடம் போகிறார். நீ எலிஷா அல்லவா என்கிறாள். ஓய்வுநாளில் பாத்தியிலிருந்து ஒரு முள்ளங்கியைப் பிடுங்கி அவளிடம் நீட்டுகிறார். இவன் வேறொருவன் என்கிறாள்.

இப்போது மூன்று பத்திகளையும் குறுக்காகப் படியுங்கள். எருசலேம் பத்தியில் துன்பம், பாபிலோன் பத்தியில் தரிசனம். கிழக்கே போகப்போகக் காரணம் மண்ணிலிருந்து வானத்துக்கு ஏறிவிட்டது. பொதுவாக இருப்பது என்ன? குதிரை. இரண்டிலும் எலிஷா ஓய்வுநாளில் குதிரைமேல் போகிறார், சீடர் மெயிர் பாடம் கேட்டபடி பின்னால் நடக்கிறார். ஓரிடத்தில் எலிஷா சொல்கிறார்: மெயிர், திரும்பிப் போ. குதிரையின் அடியை எண்ணிக்கொண்டே வந்தேன், ஓய்வுநாள் எல்லை இதோடு முடிகிறது. எல்லை 2,000 முழம். சட்டத்தை உதறிய மனிதர், தன் சீடன் அதை மீறிவிடக் கூடாதென்று குளம்படியை எண்ணிக்கொண்டு வருகிறார். இரண்டு தல்மூதுகளும் விட்டுவிடத் துணியாத காட்சி அது; உங்கள் தாளில் அடிக்கோடு இட வேண்டியது அதற்குத்தான்.

முடிவும் மாறுகிறது. எருசலேமில் எலிஷா அழுதுகொண்டே சாகிறார். கல்லறை மேல் தீ இறங்க, மெயிர் தன் மேலங்கியை விரித்து மூடுகிறார். பாபிலோனில் மெயிர் இறந்த பிறகு கல்லறையிலிருந்து புகை எழுகிறது; தலைமுறை கடந்து ரபி யோகனான் காலமாகும்போதுதான் அது அடங்குகிறது. மெயிர் அவரிடம் எப்படிப் படித்தார் என்பதற்கு மாதுளம்பழம் கிடைத்தது, உள்ளே தின்றார், தோலை எறிந்தார் என்று பாபிலோன் சமாதானம் சொல்கிறது. மிஷ்னாவோ சமாதானமே தேடவில்லை. அவோத் 4:20இல் எலிஷா பென் அபூயாவின் வாக்கு பெயரோடு அப்படியே இருக்கிறது: சிறுவயதில் கற்பது புதுத்தாளில் எழுதிய மை.

எங்கே பிசகும்

மின் என்றாலே கிறிஸ்தவன் என்று எழுதிவிடுவது முதல் பிசகு. சில கதைகளில் அப்படித்தான்: தோசெஃப்தா ஹுல்லின் 2:22–24இல் வரும் யாக்கோபு என்பவன் ‘பன்தெரா மகன் யேசுவா’ (இயேசு) பெயரால் குணமாக்க வருகிறான், யாக்கோபு என்றே பெயருள்ள ஒருவன் அவர் பெயரால் போதனையும் சொல்கிறான். வேறு கதைகளில் மறுமை இல்லை என்பவன், இரண்டு அதிகாரம் என்பவன், வெறும் பரிகாசக்காரன். கதை தராத அடையாளத்தை நீங்கள் தராதீர்கள்.

ரபியின் வெற்றியை நடந்த செய்தியாக எடுப்பது அடுத்தது. எதிராளியின் வாக்கை எழுதியவர்களும் ரபிகளின் ஆட்களே. கதையிலிருந்து தெரிவது எந்த வசனம் அவர்களை உறுத்தியது என்பது.

மின் எல்லாரும் கெட்டவர்கள் என்று முடிப்பதும் தவறு. ஹுல்லின் 87அவில் ஆமோஸ் 4:13 பற்றி வாதிட்டவன் பதில் தேடி வர மூன்று நாள் தவணை கேட்கிறான். ரபி மூன்று நாள் உபவாசம் இருக்கிறார். சாப்பிட உட்காரும்போது வாசலில் மின் என்கிறார்கள். வந்தவன் வேறொரு மின், நல்ல செய்தி கொண்டுவருகிறான். ரபி அவனைப் பந்தியில் உட்காரவைத்து, ஆசீர்வாதக் கிண்ணம் வேண்டுமா 40 பொற்காசு வேண்டுமா என்கிறார். அவன் கிண்ணத்தை எடுக்கிறான்.

கடைசியாக, இக்கதைகளை வெட்டியெடுத்து யூதர்மேல் வசை பொழியப் பல நூற்றாண்டாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பாரிஸில் எரிந்த ஏடுகள் அதனால் எரிந்தவை. ஒரு துணுக்கு மட்டும் தனியாக உங்களிடம் வந்தால், முழுப் பக்கத்தையும் திறந்து படித்த பிறகே அதைப் பற்றிப் பேசுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது

முதலில் பெருரியா, ஒரு வசனம், ஒரு பதில், முறை கைவரும். அடுத்து சிம்லாய். மூன்றாவது, ஆதியாகம ரப்பா 32:10: கெரிசீம் மலையை ஜலப்பிரளயம் மூடவில்லை என்று சமாரியன் சொல்ல, ரபி யோனத்தானுக்குப் பதில் மறந்துபோய், கழுதைக்காரன் அனுமதி கேட்டுப் பதில் சொல்கிறான், ரபி இறங்கி அவனை ஏற்றி மூன்று மைல் நடக்கிறார். அதன்பின் அபாகு, பிறகு எலிஷா.

பாம்புக்கதையையும் ரபி எலியேசரின் கதையையும் கடைசிக்கு வையுங்கள், இரண்டும் தோசெஃப்தாவில் அடுத்தடுத்து வருகின்றன. பென் தாமாவைப் பாம்பு கடிக்கிறது. யாக்கோபின் வைத்தியத்தை மாமன் ரபி இஸ்மவேல் தடுக்கிறார். அனுமதி உண்டென்று ஆதாரம் காட்டுகிறேன் என்கிறான் மருமகன். சொல்லி முடிக்குமுன் உயிர் போகிறது. வேலியை உடைக்காமல் போனாய், நீ பாக்கியவான் என்கிறார் மாமன். வேலியை உடைப்பவனைப் பாம்பு கடிக்கும் என்பது பிரசங்கி 10:8. இவனைத்தான் ஏற்கெனவே கடித்துவிட்டதே என்று இதே கதையைச் சொல்லும் எருசலேம் தல்மூத் கேட்கிறது. மறுமையில் கடிக்காது என்று பதில். அவன் சொல்லவந்த ஆதாரத்தையும், ‘அவைகளால் பிழைப்பான்’ என்ற லேவியராகமம் 18:5ஐ, இறந்தவன் சார்பில் எருசலேம் தல்மூதே எடுத்துவைக்கிறது.

அடுத்து எலியேசர். மின் கொள்கை என்ற குற்றச்சாட்டில் ரோம ஆளுநர் முன் நிறுத்தப்பட்டு விடுதலையாகிறார். ஆனால் மனம் ஆறவில்லை. எதற்காகப் பிடிபட்டேன் என்று வாடுகிறார். ரபி அக்கிபா கேட்கிறார்: மின் யாராவது ஒரு வார்த்தை சொல்லி, அது உங்களுக்கு இனித்ததா? அப்போது நினைவு வருகிறது. செப்போரிஸின் பெருந்தெருவில் ஒருமுறை யாக்கோபு என்ற ஒருவன் ஒரு போதனை சொன்னான். எனக்குப் பிடித்திருந்தது. தோசெஃப்தா அந்தப் போதனை என்னவென்று சொல்லவில்லை. பாபிலோன் தல்மூத் (அவோதா சாரா 17அ) சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலில் சொல்லாததைப் படியுங்கள்.